வீட்டுக்கு வரும் இணையம்: அது இயங்கும் விதமும் மின்தடை நாளில் நாம் செய்யவேண்டியதும்

இப்பாடத்தின் நோக்கம்

எல்லர்ஸ்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் குடிநீர், மின்சாரம் ஆகியவற்றுக்கு அடுத்த தேவையாக இணைய இணைப்பு ஆகிவிட்டது. பிள்ளைகளின் வீட்டுப்பாடம், வங்கிக் கணக்கு, மருத்துவரைக் காண்பதற்கான முன்பதிவு, யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ உள்ள உறவினரோடு முகம் பார்த்துப் பேசுதல் ஆகிய அனைத்தும் அதன் வழியே நடைபெறுகின்றன. ஆயினும், சுவரில் பொருத்தப்பட்ட சிறிய வெள்ளைப் பெட்டி என்ன செய்கிறது என்பதை அறிந்தோர் சிலரே.

அறியாதிருந்தாலும் இணையம் இயங்கும். ஆனால் மின்சாரம் நின்றுபோன இரவில், வீட்டில் தனியே இருக்கும் முதியவர் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டிய வேளையில், அந்த அறியாமை பெருந்தீங்காக முடியக்கூடும். எனவே, வீட்டு இணைய இணைப்பு எவ்வாறு இயங்குகிறது என்பதை விளக்குவதும், அந்த அறிவைக் கொண்டு ஒவ்வொரு குடும்பமும் செய்துகொள்ளவேண்டிய ஏற்பாடுகளை எடுத்துரைப்பதும் இப்பாடத்தின் நோக்கம் ஆகும். இதனைப் படிக்கத் தொழில்நுட்ப அறிவு தேவையில்லை. குடும்பத்தினர் ஒன்றாக அமர்ந்து படித்து, இறுதியில் உள்ள பயிற்சியைச் செய்து பார்ப்பது நன்று.

1. செப்புக் கம்பி தந்த இரண்டு

முற்காலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசிக்கென ஓர் இணைச் செப்புக் கம்பி வந்தது. அக்கம்பி தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் தொடங்கி வீட்டுச் சுவரில் முடிந்தது. அது குரலை மட்டும் கொண்டுவரவில்லை. தொலைபேசி இயங்குவதற்கான மின்சாரத்தையும் கொண்டுவந்தது. எக்ஸ்சேஞ்சில் உள்ள மின்கலங்கள் ஏறத்தாழ 50 வோல்ட் நேர்மின்சாரத்தை அக்கம்பியில் செலுத்தின. ஆகவே, ஊரெங்கும் விளக்கு அணைந்த நேரத்திலும், கம்பியால் இணைக்கப்பட்ட சாதாரணத் தொலைபேசியை எடுத்தால் காதில் ஒலி கேட்டது. வீட்டு மின்சாரத்தில் இயங்கிய கம்பியில்லாக் கைப்பிடித் தொலைபேசிகள் மட்டுமே மின்தடையின்போது செயலிழந்தன.

பின்னர் அதே செப்புக் கம்பியில் இணையமும் வந்தது. குரலுக்குரிய அலைவரிசைக்கு மேலுள்ள அலைவரிசைகளில் தரவு அனுப்பப்பட்டது. இம்முறையில் தொலைவு பெருந்தடையாக இருந்தது. கம்பி நீள நீளக் குறிப்பலை நலிந்து, வேகம் குறைந்தது. ஒரே தெருவின் இரு முனைகளில் உள்ள வீடுகளுக்கு வெவ்வேறு வேகம் கிடைத்ததற்குக் காரணம் இதுவே.

செப்புக் கம்பி நமக்கு இரண்டைத் தந்தது: ஒன்று தொடர்பு, மற்றொன்று அத்தொடர்புக்கு வேண்டிய மின்சாரம். புதிய இணைப்பு முதலாவதைப் பன்மடங்கு பெருக்கித் தருகிறது, இரண்டாவதைத் தருவதில்லை. இப்பாடத்தின் மையக் கருத்து இதுவாகும்.

2. கேபிள் இணையம் என்பது யாது?

தமிழ்நாட்டில் 1990-களில் வளர்ந்தவர்களுக்குக் கேபிள் என்றவுடன் மாடிக்கு மாடி தாவிச் சென்ற கறுப்புக் கம்பியும், மாதந்தோறும் பணம் வாங்க வரும் கேபிள்காரரும் நினைவுக்கு வருவார்கள். தொலைக்காட்சிக்காக இழுக்கப்பட்ட அந்தக் கம்பியின் நடுவில் ஒரு செப்புத் தண்டும், அதைச் சுற்றி ஒரு காப்பு உறையும், அதற்கு மேல் ஓர் உலோக வலையும் உள்ளன. ஒரு மையத்தைச் சுற்றி அமைந்திருப்பதால் அதனை ஓரச்சு வடம் என்பர்.

ஓரச்சு வடத்தில் பல தொலைக்காட்சி அலைவரிசைகள் ஒரே நேரத்தில் செல்லமுடியும். அவற்றுள் சிலவற்றைத் தொலைக்காட்சிக்குப் பதிலாகத் தரவுக்கு ஒதுக்கினால் அதுவே கேபிள் இணையம். இதற்கான பொதுத் தரநிலை 1997-ஆம் ஆண்டில் வெளிவந்தது. நிறுவனத்தின் மையத்திலிருந்து குடியிருப்புப் பகுதி வரை ஒளியிழையும், அங்கிருந்து வீடு வரை ஓரச்சு வடமும் செல்வது இன்றைய வழக்கம். வீட்டில் உள்ள கேபிள் மோடம் அக்குறிப்பலைகளைக் கணினி அறியும் வடிவுக்கு மாற்றுகிறது. கனடா, பிரிட்டன் ஆகிய நாடுகளில் வாழும் நம் உறவினர் பலர் இத்தகைய இணைப்பையே பயன்படுத்துகின்றனர்.

நியூசிலாந்தில் இவ்வகைக் கேபிள் வலையமைப்பு வெலிங்டன், காப்பிட்டி, கிறைஸ்ட்சர்ச் ஆகிய பகுதிகளில் அமைக்கப்பட்டது. ஆக்லாந்தில் செப்புக் கம்பியின் இடத்தை நேரடியாக ஒளியிழையே எடுத்துக்கொண்டது. எனவே, எல்லர்ஸ்லியில் ஒருவர் கேபிள் வந்துவிட்டது என்று கூறினால், அவர் குறிப்பிடுவது பெரும்பாலும் ஒளியிழையையே. நிறுவனங்கள் அதனை ஃபைபர் என்று அழைக்கின்றன.

அரசின் அதிவேக அகன்ற அலைவரிசைத் திட்டத்தின் கீழ் இப்பணி நடைபெற்றது. 2011-ஆம் ஆண்டில் அரசு ஒளியிழை நிறுவனங்களுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதே ஆண்டின் இறுதியில் டெலிகாம் நிறுவனத்திலிருந்து தனி நிறுவனமாகப் பிரிந்த கோரஸ் ஆக்லாந்தில் இழைகளைப் பதித்தது. 2022-ஆம் ஆண்டின் இறுதியில் திட்டம் நிறைவுற்றபோது, நாட்டு மக்களில் 87 விழுக்காட்டினர் வாழும் பகுதிகளை ஒளியிழை எட்டியிருந்தது.

3. கண்ணாடிக்குள் செல்லும் ஒளி

ஒளியிழை என்பது மிகத் தூய கண்ணாடியால் ஆன மெல்லிய நூல். அதன் விட்டம் 125 மைக்ரோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதற்குள் ஒளி செல்லும் உள்ளகம் ஏறத்தாழ 9 மைக்ரோமீட்டரே. உள்ளகத்தின் கண்ணாடியும் அதைச் சூழ்ந்த கண்ணாடியும் சற்று வேறுபட்டவை. ஆதலால் உள்ளகத்தில் புகுந்த ஒளி வெளியே சிதறாமல் உள்ளேயே கட்டுண்டு முன்னேறுகிறது. குளத்தின் அடியிலிருந்து சாய்வாக மேல்நோக்கிப் பார்த்தால் நீர்ப்பரப்பு கண்ணாடிபோல் தோன்றுவதும் இதே இயல்பினால்தான்.

ஒளியை இவ்வாறு வளைத்துச் செலுத்தலாம் என்பதை 1950-களில் ஆய்ந்தவர்களுள் பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி குறிப்பிடத்தக்கவர். ஆயினும் அக்காலக் கண்ணாடியில் மாசு மிகுந்திருந்தமையால் ஒளி சில மீட்டர்களிலேயே மங்கிப்போனது. கண்ணாடியைப் போதிய அளவு தூய்மைப்படுத்தினால் நெடுந்தொலைவுத் தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று 1966-இல் சார்லஸ் காவ் எடுத்துரைத்தார். ஒரு கிலோமீட்டர் சென்றபின் நூற்றில் ஒரு பங்கு ஒளி எஞ்சினாலே போதும் என்பது அன்றைய இலக்கு. இன்றைய சிறந்த இழைகளில் 15 கிலோமீட்டர் சென்றபின்னும் பாதி ஒளி எஞ்சுகிறது. காவ் அவர்களுக்கு 2009-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இழையின் ஒரு முனையில் உள்ள லேசர் விளக்கு நொடிக்குப் பல நூறு கோடி முறை ஏற்ற இறக்கம் கொள்கிறது. அந்த ஏற்ற இறக்கங்களே ஒன்று, சுழி எனும் தரவுகள். தொலைவால் வேகம் குறைவதில்லை. மழையும் மின்னலும் செப்புக் கம்பியைப் பாதிப்பதுபோல் கண்ணாடியைப் பாதிப்பதில்லை. ஆனால் கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. எக்ஸ்சேஞ்சில் எத்தனை மின்கலங்கள் இருப்பினும், அவற்றின் மின்சாரம் கண்ணாடி வழியே உங்கள் வீட்டை வந்தடையாது. செப்புக்கும் ஒளியிழைக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான் பிறக்கிறது.

எச்சரிக்கை: அறுந்த ஒளியிழையின் முனையை ஒருபோதும் கண்ணருகே வைத்துப் பார்க்கலாகாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி. இழைத் துணுக்குகள் தோலில் தைக்கவும் கூடும். குழந்தைகளை விலக்கி வைத்து, இணைய நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள்.

4. தெருவிலிருந்து வீட்டறை வரை

எக்ஸ்சேஞ்சிலிருந்து புறப்படும் ஓர் இழை, தெருவோரத்தில் உள்ள ஒளிப்பிரிப்பானை அடைகிறது. இப்பிரிப்பானுக்கு மின்சாரம் தேவையில்லை. அது ஓர் ஒளிக்கற்றையைப் பல கற்றைகளாகப் பிரித்து, பல வீடுகளுக்கு அனுப்புகிறது. அங்கிருந்து உங்கள் வீட்டுக்கான தனி இழை, நிலத்தடிக் குழாய் வழியாகவோ மின்கம்பத்தின் மேலாகவோ வந்து, வெளிச்சுவரில் உள்ள சிறு பெட்டியில் சேர்கிறது. பின்னர் சுவரைத் துளைத்து உள்ளே நுழைந்து, ஓ.என்.டி. எனப்படும் ஒளிமுனையப் பெட்டியில் முடிகிறது.

ஒளிமுனையப் பெட்டி ஒளியை மின்குறிப்பாகவும், மின்குறிப்பை ஒளியாகவும் மாற்றுகிறது. அதிலிருந்து ஒரு கம்பி ரவுட்டருக்குச் செல்கிறது. ரவுட்டர் அந்த ஓர் இணைப்பை வீட்டிலுள்ள கைப்பேசி, கணினி, தொலைக்காட்சி ஆகிய அனைத்துக்கும் வைஃபை மூலம் பங்கிடுகிறது. இவ்விரு பெட்டிகளும் வேறு வேறானவை. இரண்டுக்கும் வீட்டு மின்சாரம் தேவை. ஒளிமுனையப் பெட்டி பெரும்பாலும் கார்நிறுத்தும் அறையிலோ நடைவழி அலமாரியிலோ இருக்கும். தூசியுறிஞ்சியைச் செருகுவதற்காக யாரோ அதன் செருகியைக் கழற்றியதால் இணையம் நின்றுபோவது பல வீடுகளில் நேர்வதுண்டு.

பொறுப்பு யாருடையது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். தெருவிலிருந்து ஒளிமுனையப் பெட்டி வரை உள்ள இழையைக் கோரஸ் பராமரிக்கிறது. ஆனால் கோரஸ் வீடுகளுக்கு நேரடியாகச் சேவை விற்பதில்லை. மாதக் கட்டணம் பெறும் நிறுவனமே உங்களுக்குப் பொறுப்பு. பழுது ஏற்பட்டால் அந்நிறுவனத்தையே அழைக்க வேண்டும். அழைக்குமுன் ஒளிமுனையப் பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். எல்லா விளக்கும் அணைந்திருந்தால் மின்சாரம் வரவில்லை. சிவப்பு எச்சரிக்கை விளக்கு எரிந்தால் வெளியிலிருந்து ஒளி வரவில்லை எனக் கொள்ளலாம். விளக்குகள் வழக்கம்போல் பச்சையாக இருந்தும் இணையம் இல்லையெனில், குறை பெரும்பாலும் ரவுட்டரிலோ வைஃபையிலோ இருக்கும். இதனைச் சொல்லத் தெரிந்தால் உங்கள் அழைப்பு விரைவில் உரியவரிடம் சேரும்.

தோட்டத்தில் வேலிக்குக் குழி தோண்டுமுன் ஒளியிழை செல்லும் இடத்தை அறிந்துகொள்ளுங்கள். நிலத்தடிக் கம்பிகள், குழாய்கள் எங்கு உள்ளன என்பதை பிஃபோர்யூடிக் என்னும் சேவை வழியாகக் கேட்டறியலாம்.

5. வேகம் பற்றிய மூன்று உண்மைகள்

முதலாவது, வேகத்தை அளக்கும் அலகு. நிறுவனங்கள் வேகத்தை நொடிக்கு இத்தனை மெகாபிட் என்று கூறுகின்றன; கோப்புகளின் அளவோ மெகாபைட்டில் குறிக்கப்படுகிறது. 8 பிட் சேர்ந்தது 1 பைட். எனவே 300 மெகாபிட் வேகம் என்பது நொடிக்கு 37.5 மெகாபைட். 1,500 மெகாபைட் அளவுள்ள ஒரு திரைப்படத்தை இறக்க அதற்கு 40 நொடிகள் ஆகும்.

இரண்டாவது, பகிர்வு. கேபிள் இணையத்தில் ஒரு பகுதியின் வீடுகள் ஒரே வடத்தைப் பகிர்கின்றன. ஒளியிழையிலும் பிரிப்பானுக்கு முன்னுள்ள இழை பொதுவானது. பரவலாக உள்ள தொழில்நுட்பத்தில் அப்பொது இழை நொடிக்கு ஏறத்தாழ 2,500 மெகாபிட்டை வீடுகளுக்குக் கொண்டுவருகிறது. வீடுகளிலிருந்து ஏறத்தாழ 1,250 மெகாபிட்டைக் கொண்டுசெல்கிறது. வரும் ஒளி ஒரு நிறம், செல்லும் ஒளி மற்றொரு நிறம். ஆகவே ஒரே இழையில் இரண்டும் மோதாமல் செல்கின்றன. வீடுகள் அனைத்தும் ஒரே நேரத்தில் பேசிவிடாதபடி, ஒவ்வொரு வீட்டுக்கும் மிகச் சிறிய நேரத் துண்டுகள் ஒதுக்கப்படுகின்றன. அண்டை வீட்டுக்குரிய தரவும் பிரிப்பான் வழியே உங்கள் பெட்டியை வந்தடைகிறது. ஆயினும் அது மறையாக்கம் செய்யப்பட்டிருப்பதால் உங்கள் பெட்டியால் அதனைப் படிக்க இயலாது. உங்களுக்குரியதை அண்டை வீட்டாரும் படிக்க இயலாது.

மூன்றாவது, தொலைவு. கண்ணாடியில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்கிறது. ஆக்லாந்துக்கும் சென்னைக்கும் இடையே நேர்த்தொலைவு 11,000 கிலோமீட்டருக்கும் மேல். ஒரு சொல் சென்று மறுமொழி திரும்புவதற்கு, நேர்வழியில் சென்றாலும் நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆகும். உண்மையில் தரவு நேர்வழியில் செல்வதில்லை. ஆக்லாந்தின் டாகபுனா, வெனுவாபாய் ஆகிய இடங்களில் கரையேறும் சதர்ன் கிராஸ் கடலடி வடம், மங்காவாய் ஹெட்ஸில் கரையேறும் ஹவாய்கி வடம், ரேக்லனில் கரையேறும் டாஸ்மன் வடம் ஆகியவற்றுள் ஒன்றின் வழியே வேறு நாடுகளைச் சுற்றியே செல்கிறது. ஆதலால் பாட்டியுடன் பேசும்போது தோன்றும் சிறு தாமதத்தைக் குறைக்க வேண்டி விலைமிகுந்த திட்டத்துக்கு மாறுவதில் பயனில்லை. ஒரு காணொளி அழைப்புக்கு நொடிக்குச் சில மெகாபிட்டே போதும்.

படம் உறைந்து நிற்பது வீட்டுக்குள் உள்ள வைஃபையாலும் இருக்கலாம். ரவுட்டரை அலமாரிக்குள்ளோ, குளிர்பதனப் பெட்டியின் பின்னாலோ, வெந்நீர்த் தொட்டியின் அருகிலோ வைக்காதீர்கள். உலோகமும் நீரும் வைஃபை அலைகளைத் தடுக்கின்றன. வீட்டின் நடுவில், திறந்த இடத்தில், சற்று உயரத்தில் வைப்பதே நன்று. 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவானது, ஆனால் சுவர்களைக் கடப்பதில் வலுக்குறைந்தது, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை மெதுவானது, ஆனால் தொலைவு செல்வது. அதிக வேகத் திட்டத்துக்குப் பணம் செலுத்துமுன், ரவுட்டரை இடம் மாற்றிப் பாருங்கள்.

6. மின்சாரம் நின்றால்

இதுவரை கற்றதிலிருந்து ஒரு முடிவு தெளிவாகிறது. ஒளியிழை வீட்டில், சுவரின் மின்செருகி இயங்கும்வரைதான் இணையமும் வீட்டுத் தொலைபேசியும் இயங்கும். மின்சாரம் நின்ற கணமே இரண்டும் நின்றுவிடும். வீட்டுத் தொலைபேசியின் பழைய எண்ணே தொடர்ந்தாலும், தொலைபேசிக் கருவி பழையதாகவே இருந்தாலும், இந்நிலை மாறாது.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மின்தடை பழகிய ஒன்று. தமிழ்நாட்டில் பல வீடுகளில் இன்வெர்ட்டர் உண்டு. இலங்கையில் 2022-ஆம் ஆண்டின் நெருக்கடியில் நாள்தோறும் பல மணிநேரம் மின்சாரம் இல்லாதிருந்தமையால், மக்கள் அதற்கேற்ப ஆயத்தமாக இருக்கக் கற்றனர். ஆக்லாந்தில் மின்தடை அரிது. அந்த அருமையே நம்மை ஆயத்தமின்றி இருக்கச் செய்கிறது. ஆயினும் 1998 பிப்ரவரியில் நகர மையத்துக்கு மின்சாரம் தந்த முதன்மை வடங்கள் அடுத்தடுத்துப் பழுதுற்று, அப்பகுதி வாரக்கணக்கில் இருளில் கிடந்தது. 2023 ஜனவரி 27 அன்று பெருவெள்ளம் ஆக்லாந்தைத் தாக்கியது. அடுத்த மாதம் வந்த கேப்ரியல் புயலில் நாட்டின் பல பகுதிகளில் மின்சாரம் நின்றது. கிழக்குக் கரைப் பகுதிகளில் கைப்பேசிக் கோபுரங்களும் செயலிழந்தன.

அவசர உதவிக்கு இந்நாட்டில் அழைக்கவேண்டிய எண் 111. தமிழ்நாட்டின் 108, இலங்கையின் 1990 ஆகிய எண்களுக்குப் பழகிய பெற்றோர் பதற்றத்தில் அவற்றையே அழுத்தக்கூடும். ஆகவே 111 என்பதைப் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசியின் அருகே ஒட்டி வையுங்கள். அழைப்பை ஏற்பவர் முதலில் ஃபயர், ஆம்புலன்ஸ், போலீஸ் ஆகியவற்றுள் எது வேண்டும் என்று கேட்பார். இம்மூன்று சொற்களையும் வீட்டு முகவரியையும் ஆங்கிலத்தில் தெளிவாகச் சொல்ல முதியோருக்குப் பயிற்சி அளியுங்கள்.

மின்தடையின்போது 111-ஐ அழைக்கப் பின்வரும் ஏற்பாடுகள் உதவும்.

முதலாவது, மின்னேற்றப்பட்ட கைப்பேசி. பெரும்பாலான குடும்பங்களுக்கு இதுவே போதுமானது. இருப்பினும் வீட்டுக்குள் கைப்பேசிச் சமிக்ஞை கிடைக்கிறதா என்பதை, வைஃபையை நிறுத்திவிட்டுச் சோதித்துப் பாருங்கள். கைப்பேசிக் கோபுரங்களின் மின்கலங்களும் வரையறுக்கப்பட்ட நேரமே தாங்கும். நீண்ட மின்தடையில் கைப்பேசியைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள்.

இரண்டாவது, மாற்று மின்கலம். ஒளிமுனையப் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து மின்கலம் வைக்கலாம். இரண்டும் சேர்ந்து 20 வாட் மின்சாரம் பெறுவதாகக் கொண்டால், 100 வாட்-மணி கொள்ளளவுள்ள மின்கலம் கணக்குப்படி 5 மணிநேரம் தாங்கும். நடைமுறையில் சற்றுக் குறையும். ஒரு பெட்டிக்கு மட்டும் மின்கலம் வைத்து, தொலைபேசி செருகப்பட்டுள்ள மற்றொரு பெட்டியை விட்டுவிட்டால் பயனில்லை.

மூன்றாவது, 111 தொடர்பு விதித்தொகுப்பு தரும் உரிமை. வணிக ஆணையம் வகுத்த இவ்விதித்தொகுப்பு 2021-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. உடல்நலம், பாதுகாப்பு, மாற்றுத்திறன் ஆகிய காரணங்களால் 111-ஐ அழைக்கவேண்டிய இடர் மிகுந்தவராக ஒருவர் இருந்து, மின்தடையின்போது வீட்டிலிருந்து அழைக்க வேறு வழி இல்லாதிருந்தால், அவருடைய சேவை நிறுவனம் அதற்குரிய கருவியைக் கட்டணமின்றித் தரவேண்டும். அக்கருவி குறைந்தது 8 மணிநேரம் இயங்கவேண்டும். இவ்வுரிமை தானாக வந்து சேராது. நிறுவனத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவரின் உறுதிமொழி தேவைப்படலாம்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மகனும் மருமகளும் பணிக்குச் சென்றபின், இதயநோயுள்ள தாயார் பகல் முழுதும் வீட்டில் தனியே இருக்கிறார். அவரிடம் கைப்பேசி இல்லை. கழுத்தில் அணிந்த பொத்தானை அழுத்தினால் தொலைபேசி வழியே உதவி கோரும் மருத்துவக் கருவி மட்டும் உள்ளது. இக்குடும்பம் செப்பிலிருந்து ஒளியிழைக்கு மாறுமுன் இரண்டைச் செய்யவேண்டும். மருத்துவக் கருவியை வழங்கியவரிடம், அது புதிய இணைப்பில் இயங்குமா, மின்தடையில் இயங்குமா என்று கேட்டறிதல் ஒன்று. 111 தொடர்பு விதித்தொகுப்பின் கீழ்ச் சேவை நிறுவனத்திடம் விண்ணப்பித்தல் மற்றொன்று. திருடர் எச்சரிக்கைக் கருவி உள்ள வீடுகளும் முதலாவதைச் செய்தல் வேண்டும்.

7. உங்கள் உரிமைகள்

எல்லர்ஸ்லி போன்ற ஒளியிழைப் பகுதிகளில் செப்பு இணைப்பு படிப்படியாக விலக்கப்படுகிறது. வணிக ஆணையத்தின் விதிகளின்படி, இணைப்பை நிறுத்துவதற்குக் குறைந்தது 6 மாதங்களுக்கு முன் அறிவிப்பு வரவேண்டும். இத்தகைய கடிதம் வந்தால் விளம்பரம் என எண்ணி எறிந்துவிடாதீர்கள். அதேவேளையில், இன்றே இணைப்பு துண்டிக்கப்படும் என்று அச்சுறுத்தித் தொலைபேசியில் வங்கி விவரமோ கடவுச்சொல்லோ கேட்பவரை நம்பாதீர்கள். அழைப்பைத் துண்டித்து, உங்கள் கட்டணச் சீட்டில் உள்ள எண்ணில் நிறுவனத்தை அழையுங்கள்.

வாடகை வீட்டில் இருப்போர் ஒளியிழை அமைக்க வீட்டு உரிமையாளரின் இசைவை எழுத்து மூலம் கேட்கவேண்டும். 2021 பிப்ரவரி முதல், உரிமையாளருக்குச் செலவு ஏற்படாத நிலையில், சட்டம் கூறும் சில விதிவிலக்குகள் தவிர, அவர் அதனை மறுத்தல் கூடாது. பொது வண்டிப்பாதையைப் பகிரும் வீடுகளில் இருப்போர், அண்டை வீட்டார் தொடர்பாகச் செய்யவேண்டியதை நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டறியுங்கள்.

நிறுவனத்திடம் முறையிட்டும் தீர்வு கிடைக்கவில்லையெனில், தொலைத்தொடர்புத் தகராறு தீர்வுச் சேவையைக் கட்டணமின்றி நாடலாம். முறையீட்டின் நாள், பேசியவரின் பெயர், கூறிய மறுமொழி ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். படிவங்களைப் புரிந்துகொள்ள சிட்டிசன்ஸ் அட்வைஸ் பீரோவில் இலவச ஆலோசனை பெறலாம். வீட்டில் இணையம் இல்லாதோர் ரெமுயெரா, பான்மியூர் உள்ளிட்ட ஆக்லாந்து நூலகங்களில் கணினியையும் வைஃபையையும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

8. குடும்பப் பயிற்சி

வரும் வார இறுதியில் அரைமணி நேரம் ஒதுக்கிப் பின்வருவனவற்றைச் செய்யுங்கள்.

அ. வெளிச்சுவரில் உள்ள சிறு பெட்டி, ஒளிமுனையப் பெட்டி, ரவுட்டர் ஆகிய மூன்றையும் கண்டறியுங்கள். வழக்கமான நாளில் எந்தெந்த விளக்குகள் எரிகின்றன என்பதைப் படம் எடுத்து வையுங்கள்.

ஆ. ஒளிமுனையப் பெட்டியின் செருகியில் கழற்றாதீர் என்று எழுதி ஒட்டுங்கள்.

இ. வீட்டுத் தொலைபேசி எந்தப் பெட்டியில் செருகப்பட்டுள்ளது என்று பாருங்கள். வீட்டில் தொலைபேசி இணைப்பு இல்லையெனில் அதனையும் அனைவருக்கும் தெரிவியுங்கள்.

ஈ. இரண்டு பெட்டிகளின் மின்சாரத்தையும் 5 நிமிடம் நிறுத்துங்கள். மருத்துவக் கருவியோ எச்சரிக்கைக் கருவியோ உள்ள வீடுகள், அதனை வழங்கியவருக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டு இதனைச் செய்யவேண்டும். அந்நேரத்தில் வீட்டில் உள்ள முதியவர், தம் கையில் உள்ள கருவியைக் கொண்டு உங்கள் கைப்பேசிக்கு அழைக்க முயலட்டும். சோதனைக்காக 111-ஐ அழைக்கக் கூடாது.

உ. அழைப்பு வந்தால் உங்கள் வீடு ஆயத்தமாக உள்ளது. வரவில்லையெனில் ஆறாம் பகுதியை மீண்டும் படித்து, மூன்று ஏற்பாடுகளுள் ஒன்றை அந்த வாரத்திலேயே செய்யுங்கள்.

ஊ. மின்கலத்தில் இயங்கும் வானொலியும் கைவிளக்கும் ஓரிடத்தில் இருக்கட்டும். அவசரகாலக் கைப்பேசி எச்சரிக்கை நிறுவாமலே வரும். அதன் உரத்த ஒலியைக் கேட்டு அஞ்சாமல் செய்தியைப் படிக்க முதியோருக்குச் சொல்லிக்கொடுங்கள்.

நினைவில் கொள்ளவேண்டியவை

செப்புக் கம்பி தன் மின்சாரத்தைத் தானே கொண்டுவந்தது. ஒளியிழைக்கு அதனை நாம் தரவேண்டும். இணையத்தின் வேகம் நிறுவனத்தின் பொறுப்பு. விளக்கு அணைந்த வேளையில் வீட்டிலுள்ளோர் உதவி கேட்க ஒரு வழி இருப்பது நம் பொறுப்பு. இப்பாடத்தைப் படித்த நீங்கள், தனியே வாழும் அண்டை வீட்டு முதியவர் ஒருவருக்கும் இதனை எடுத்துச் சொல்லுங்கள். பயிற்சியின் 5 நிமிடங்களை அவருடைய வீட்டிலும் செய்துகாட்டுங்கள்.